ஆஞ்செலோ சோலிமான்: ஒரு வியன்னாக்காரரைக் காட்சிப்பொருளாக்கிய விதம்

1796 நவம்பர் 21 அன்று வியன்னாவில் ஒரு முதியவர் தெருவில் நடந்துகொண்டிருந்தபோதே மூளையில் ரத்தம் அடைத்து விழுந்து இறந்தார். வயது ஏறக்குறைய 75. ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர். லிக்டென்ஸ்டைன் பிரபுக் குடும்பத்து வாரிசுக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியை 10 ஆண்டுகளுக்கு முன் இழந்தவர், ஒரு மகளுக்குத் தகப்பன். பெயர் ஆஞ்செலோ சோலிமான், பிறப்பு ஆப்பிரிக்காவில்.

வழக்கப்படி அந்த உடல் முழுதாகக் கல்லறைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. உள்ளுறுப்புகள் மட்டும் புதைக்கப்பட்டன. தோலை உரித்து, மர உருவத்தின் மேல் இழுத்துப் போர்த்தி, பேரரசரின் விலங்கு அருங்காட்சியகத்தில் நிறுத்தினார்கள். சுமார் 10 ஆண்டுகள் அங்கே அது பார்வையாளர்களுக்குக் காட்டப்பட்டது.

ஐரோப்பிய வரலாற்றில் கறுப்பினத்தவரைப் பற்றிப் பேசும்போது இந்தச் சம்பவத்தைக் கொடுமை என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். கொடுமைதான். ஆனால் வியன்னா சோலிமானை அறியாத ஊர் அல்ல. அவருடைய திருமணம் தேவாலயப் பதிவேட்டில் இருந்தது, உறுப்பினர் பெயர் சங்கக் குறிப்பேட்டில் இருந்தது, முகம் செப்புத்தகட்டு அச்சில் இருந்தது. 60 ஆண்டுகளுக்கு மேல் பிரபு வீடுகளில் புழங்கிய, 40 ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊரிலேயே குடியிருந்த ஒருவரை “காட்டுமனிதன்” ஆக்குவதற்கு யாருடைய ஒப்புதல் தேவைப்பட்டது, எந்தெந்தத் தடைகள் வேலை செய்யாமல் போயின என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

பிறப்பும் பெயரும்

இளமைக் காலத்துக்கு நமக்கு இருக்கும் முக்கியச் சான்று, அவர் இறந்து பத்தாண்டுக்கு மேல் கழித்து எழுதப்பட்ட ஒரு வாழ்க்கைக் குறிப்பு. வியன்னா எழுத்தாளர் கரோலினே பிஹ்லர், சோலிமானை நேரில் அறிந்தவர்களின் வட்டத்திலிருந்து திரட்டியது அது. அடிமை முறையை எதிர்த்த பிரெஞ்சுப் பாதிரியார் ஆன்றி கிரெகுவார் 1808-இல் வெளியிட்ட நூலில் அதைப் பயன்படுத்திக்கொண்டார். அந்தக் குறிப்பின்படி அவர் ஓர் ஆப்பிரிக்க அரசகுலத்துப் பிள்ளை, இயற்பெயர் ம்மாதி மாக்கே. சுமார் 7 வயதில் எதிரிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். கைமாறிக் கைமாறிச் சிசிலித் தீவின் மெசீனா நகரில் ஒரு பெருங்குடும்பத்துக்கு வந்து சேர்ந்தார்.

இதில் அரசகுலம் என்ற பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றைய ஐரோப்பாவில் பேர்பெற்ற ஆப்பிரிக்கர் பலருக்கும் இந்த அரசகுமாரன் கதை ஒட்டவைக்கப்பட்டது. வைத்திருப்பவரின் மதிப்பு அதனால் கூடியது, சில வேளை வைக்கப்பட்டவருக்கும் அது ஒரு கவசமாக இருந்தது. கிட்டத்தட்ட 1721-இல் பிறந்தார், சகாராவுக்குத் தெற்கே இருந்து வந்திருக்கக்கூடும் என்ற அளவோடு நிற்பது நல்லது.

மெசீனாவில்தான் பெயர் மாறியது. அந்த வீட்டில் தன்னைப் பார்த்துக்கொண்ட ஆஞ்செலினா என்ற பணிப்பெண்ணின் நினைவாக ஆஞ்செலோ என்ற பெயரை அவரே விரும்பி ஏற்றார் என்கிறது குறிப்பு. ஞானஸ்நானம் பெற்ற செப்டம்பர் 11-ஐயே பிறந்தநாளாக வைத்துக்கொண்டார். ஐரோப்பிய ஆவணங்களில் கறுப்பினத்தவரைத் தேடுபவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். ஞானஸ்நானம் ஆனதும் பழைய பெயர் ஏட்டிலிருந்து மறைந்துவிடும். புதுப்பெயர் அந்த ஊரில் ஆயிரம் பேருக்கு இருக்கும். நிறத்தை எழுத்தர் குறித்து வைத்திருந்தால் ஆள் கிடைப்பார். குறிக்காமல் விட்டிருந்தால் அந்த ஆஞ்செலோ இன்னொரு இத்தாலியராகவே படிக்கப்படுவார்.

பிரபுவின் பின்னால் நிற்கும் வேலை

1734 வாக்கில் சிறுவன் சோலிமானை இளவரசர் லோப்கோவிட்ஸுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். லோப்கோவிட்ஸ் ஆஸ்திரியத் தளபதி. அவருடன் போர்முனைகளுக்குப் போய், அவர் இறந்தபின் 1750-களின் நடுவில் யோசெஃப் வென்சல் லிக்டென்ஸ்டைன் இளவரசரிடம் வந்தார். ஆஸ்திரியப் பீரங்கிப் படையைச் சீரமைத்தவர் என்று பெயர் வாங்கியவர் இந்த வென்சல்.

அரண்மனையில் இப்படி வைக்கப்பட்ட கறுப்பினப் பணியாளர் சமையலுக்கோ தோட்டத்துக்கோ வந்தவர் அல்லர். கீழைநாட்டுப் பாணியில் தலைப்பாகையும் சரிகையும் அணிந்து, பிரபுவின் நாற்காலிக்குப் பின்னால் நிற்பதும், ஊர்வலத்தில் வண்டியோடு போவதும், விருந்தாளிகள் கண்ணில் படுவதுமே வேலை. பிரபுவின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு அவர் உடலே சாட்சி. 1760-இல் பேரரசியின் மகன் ஜோசஃபுக்கு மணப்பெண்ணாக பார்மா இளவரசி இசபெல்லாவை அழைத்துவரப் போன வென்சலின் பரிவாரத்தில் சோலிமானும் போனார். 1764-இல் அதே ஜோசஃப் ஃபிராங்பர்ட்டில் முடிசூடியபோதும் உடன் இருந்தார். அங்கே ஃபேரோ என்ற சீட்டாட்டத்தில் 20,000 குல்டன் (அக்கால நாணயம்) வென்றார் என்று பிஹ்லர் எழுதுகிறார். தோற்றவருக்கு மறு ஆட்டம் கொடுத்து, வேண்டுமென்றே தோற்றுக் காட்டினாராம். இந்தப் பின்பகுதி கொஞ்சம் மெருகேற்றிய கதை போலத்தான் தெரிகிறது.

இத்தாலியம், பிரெஞ்சு, ஜெர்மன், செக், ஆங்கிலம், லத்தீன் என்று ஆறு மொழிகள் அவருக்குத் தெரியும் என்பதும், சதுரங்கத்தில் கெட்டிக்காரர் என்பதும் அதே குறிப்பில் உள்ளவை. மொழிகளில் சந்தேகப்பட அதிகம் இல்லை. சிசிலி, போஹீமியா (இன்றைய செக் நாட்டுப் பகுதி), வியன்னா என்று அவர் வாழ்ந்த வீடுகளை அடுக்கினாலே பாதிக்கு மேல் வந்துவிடும்.

பிப்ரவரி 6, 1768

இந்த நாள் முக்கியம். அன்று புனித ஸ்டீஃபன் தேவாலயத்தில் மக்தலேனா கிறிஸ்டியானி என்ற கைம்பெண்ணை சோலிமான் ரகசியமாக மணந்தார். கத்தோலிக்க வழக்கப்படி திருமண அறிவிப்பை மூன்று முறை ஆலயத்தில் உரக்கப் படிக்க வேண்டும். படித்தால் ஊருக்குத் தெரியும், எசமானர் காதுக்கும் போகும். ரகசியம் காக்கப்பட வேண்டுமானால் திருச்சபையின் மேலிடம் விலக்குத் தர வேண்டும். கிடைத்தது. அப்போது வியன்னாவின் பேராயர் கர்தினால் மிகாட்சி. இந்தப் பெயர் பின்னால் மறுபடி வரும்.

பிஹ்லரின் கதைப்படி, பேரரசர் ஜோசஃபே பேச்சுவாக்கில் வென்சலிடம் உளறிவிட்டார். வென்சல் சோலிமானை வேலையிலிருந்து நீக்கினார், உயிலில் எழுதியிருந்ததையும் அடித்துவிட்டார். குடும்பம் வைஸ்கெர்பர் புறநகரில் தோட்டத்தோடு கூடிய ஒரு சிறு வீட்டில் வாழ்ந்தது. 1772 டிசம்பரில் மகள் ஜோசஃபின் பிறந்தாள். அந்த ஆண்டு தொடக்கத்திலேயே வென்சல் இறந்திருந்தார். பட்டத்துக்கு வந்த தம்பி மகன் ஃபிரான்ஸ் யோசெஃப் 1773-இல் சோலிமானைத் திரும்ப அழைத்து, தன் மகன் அலோய்ஸின் படிப்பைக் கவனிக்கும் பொறுப்பைக் கொடுத்தார்.

சட்டத்தின் கண்ணில் அவர் எப்போது சுதந்திர மனிதரானார் என்ற கேள்வி எழும். ஆஸ்திரியாவில் அடிமைத்தனம் செல்லாது என்று பொதுச் சட்டத்தொகுப்பு வெளிப்படையாகச் சொன்னது 1811-இல்தான், 16-ஆம் பிரிவில். அதற்கு முன் ஒருவரின் நிலையை அவர் செய்ய முடிந்த காரியங்களிலிருந்துதான் கணிக்க வேண்டும். சோலிமான் ஒரு சுதந்திரப் பெண்ணை ஆலயத்தில் மணந்தார், தனி வீட்டில் குடித்தனம் நடத்தினார், சங்கத்தில் சேர்ந்தார். சொத்தாக எண்ணப்பட்ட ஒருவரால் முடியக்கூடியவை அல்ல இவை.

சங்கம் என்றது ஃப்ரீமேசன் சங்கம், ரகசியச் சடங்குகள் கொண்ட ஒரு சகோதரத்துவ அமைப்பு. “மெய்யான ஒற்றுமை” என்ற பெயரில் 1781-இல் தொடங்கிய அந்தக் கிளையில் சோலிமான் அதே ஆண்டு சேர்ந்தார். கனிமவியல் அறிஞர் இக்னாட்ஸ் ஃபொன் போர்ன் அவருக்குப் பிறகு வந்து, பின்னர் அதன் தலைவரானார். இசைமேதை ஹைடன் 1785-இல் அங்கேதான் உறுப்பினரானார், மோட்சார்ட்டும் அந்தக் கூட்டங்களுக்கு வந்திருக்கிறார். மோட்சார்ட்டின் இசை நாடகப் பாத்திரங்களில் ஒன்றுக்கு சோலிமான்தான் மூலம் என்று அவ்வப்போது யாராவது எழுதுவார்கள். ஒரே அறையில் இருந்தார்கள் என்பதற்கு மேல் அந்த ஊகத்துக்குக் கால் இல்லை.

முதல் வேடம்

அருங்காட்சியகத்துக்கு வெகு காலம் முன்பே சோலிமானுக்கு ஒரு வேடம் போட்டாயிற்று. ஓவியர் யோஹான் நேபொமுக் ஸ்டைனர் வரைந்த உருவத்தைப் பார்த்து யோஹான் கோட்ஃபிரீட் ஹைட் செய்த செப்புத்தகட்டு அச்சில் அவர் தலைப்பாகையோடும் கைத்தடியோடும் நிற்கிறார். பின்னணியில் பிரமிடு. கீழே லத்தீனில், நுமிடிய அரசகுலத்தின் வழித்தோன்றல், யுகுர்தாவை ஒத்த தோற்றம், அறிவில் வலியவர் என்ற பாராட்டு. நுமிடியா என்பது ரோமாபுரியோடு மோதிய பழைய வட ஆப்பிரிக்க நாடு, யுகுர்தா அதன் அரசன். ஃப்ரீமேசன் சங்கத்திலும் சோலிமானின் புனைபெயர் மாசினிசா, அவனும் நுமிடிய மன்னனே.

துருக்கித் தலைப்பாகை, எகிப்தியப் பிரமிடு, நுமிடிய வம்சம். மூன்றும் மூன்று திசை. லத்தீன் படித்த கனவான்களுக்குப் பழக்கமான ஆப்பிரிக்கா எதுவோ, அதை எடுத்து அவருக்கு மாட்டியிருக்கிறார்கள். ஆனாலும் இந்த வேடத்தில் மரியாதை இருந்தது, அவரும் அதைத் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொண்டார் என்று புனைபெயரிலிருந்து ஊகிக்கலாம். 1796-இல் போட்ட வேடத்துக்கு ஒப்புதல் கேட்க அவர் உயிரோடு இல்லை.

உடல் கைமாறிய முறை

பேரரசர் இரண்டாம் ஃபிரான்ஸ் அப்போதுதான் யோசெஃப் சதுக்கத்தில், அரண்மனை நூலகக் கட்டடத்தில், ஒரு விலங்கு அருங்காட்சியகத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். இயக்குநர் அபே சிமோன் எபெர்லே, ஒரு பாதிரியார். புது அருங்காட்சியகம், நிரப்ப வேண்டிய அறைகள், ஊரே அறிந்த ஓர் ஆப்பிரிக்கரின் மரணம். பேரரசரின் அனுமதியோடு உடல் எடுக்கப்பட்டது.

செய்முறையைப் பிற்கால இயற்கையியலாளர் லேயோபோல்ட் ஃபிட்சிங்கர் அந்த அருங்காட்சியகத்தின் வரலாற்றை எழுதும்போது விவரித்திருக்கிறார். வேலையைச் செய்தவர் சிற்பி ஃபிரான்ஸ் தாலர். முதலில் தலைக்குச் சுண்ணச்சாந்தில் அச்சு எடுத்தார். பிறகு தோலை உரித்து, செதுக்கிய மர உருவத்தின் மேல் பொருத்தினார். வேலை நடந்தது நூலகக் கட்டடத்தின் வண்டிக்கொட்டகையில்.

விலங்குகளைப் பாடம்செய்பவரை விட்டுச் சிற்பியிடம் போனதற்குத் தொழில்முறைக் காரணம் உண்டு. மானுக்கோ கரடிக்கோ உரோமம் தையலை மறைத்துவிடும், உள்ளே வைக்கோல் அடைத்து உருவம் சற்றுப் பிசகினாலும் கண்ணுக்குத் தெரியாது. மனிதத் தோலில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. காயும்போது சுருங்கும், இமையும் உதடும் முதலில் இழுத்துக்கொள்ளும், உள்ளே தசையின் மேடுபள்ளம் சரியாக இல்லாவிட்டால் சுருக்கம் விழும். ஆகவே உடற்கூறு தெரிந்த சிற்பி உள்ளுருவத்தைத் துல்லியமாகச் செதுக்க வேண்டும், முகத்துக்கு அச்சு கையில் இருக்க வேண்டும். இறந்த உடனே அச்சு எடுக்கப்பட்டதை வைத்துப் பார்த்தால், யாருக்கோ திடீரென்று தோன்றிய விபரீத யோசனையாக இது தெரியவில்லை.

நிறுத்திய கோலம் இது: வலது பாதம் பின்வாங்கி, இடது கை முன்னே நீட்டி நிற்கும் நிலை. இடுப்பில் இறகுக் கச்சை, தலையில் இறகு மகுடம், இரண்டும் சிவப்பு, நீலம், வெள்ளை என்று மாறிமாறி வைத்த தீக்கோழி இறகுகள். கைகளிலும் கால்களிலும் வெள்ளைக் கண்ணாடி மணிச் சரங்கள். கழுத்திலிருந்து மார்பு வரை தொங்கும் சோழி மாலை. சுற்றிலும் வெப்பமண்டலக் காட்டின் அமைப்பு, அதில் கேப்பிபாரா என்ற பெரிய கொறிவிலங்கு ஒன்று, டேப்பிர் என்ற நீள்மூக்கு விலங்கு ஒன்று, சில பெக்கரிப் பன்றிகள், நிறைய அமெரிக்கப் பறவைகள்.

இந்தப் பட்டியலை நிதானமாகப் படிக்க வேண்டும். கேப்பிபாரா, பெக்கரி இரண்டும் அமெரிக்கக் கண்டத்துக்கே உரியவை. டேப்பிர் அமெரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உண்டு, ஆப்பிரிக்காவில் இல்லை. இறகு மகுடமும் இறகுக் கச்சையும் ஐரோப்பிய ஓவியர்கள் அமெரிக்கப் பழங்குடிகளுக்கு வழக்கமாக வரைந்தவை. அறிவியல் என்ற பெயரில் அமைத்த அரங்கு ஆப்பிரிக்கரைத் தென்னமெரிக்கக் காட்டில் நிறுத்தியது. 40 ஆண்டுகளாக வியன்னாத் தெருக்களில் உடுப்பு அணிந்து நடந்தவரை அந்த உடுப்போடு காட்டியிருந்தால் யாரும் வந்து வியக்கப் போவதில்லை. முதலில் அவருடைய வாழ்க்கையைக் கழற்ற வேண்டியிருந்தது.

எதிர்ப்பு ஏன் பலிக்கவில்லை

எதிர்ப்பே எழவில்லை என்று நினைத்தால் தவறு. மகள் ஜோசஃபினுக்கு அப்போது 24 வயது முடியும் தறுவாய். தந்தையின் தோலையும் எலும்புக்கூட்டையும் அடக்கம் செய்யத் திருப்பித் தரும்படி மனுக் கொடுத்தார். டிசம்பர் நடுவில் பேராயர் அலுவலகமும் அதை ஆதரித்து அரசுக்கு எழுதியது. 28 ஆண்டுகளுக்கு முன் சோலிமானின் திருமணம் நடந்தபோது இருந்த அதே கர்தினால் மிகாட்சிதான் இன்னமும் பேராயர். கிறிஸ்தவரின் உடல் கிறிஸ்தவ மண்ணுக்குப் போக வேண்டும் என்பது திருச்சபையின் நிலை.

மனு போன பாதையிலேயே பழுது இருந்தது. அருங்காட்சியகம் அரசுத் துறை அன்று, பேரரசர் குடும்பத்தின் சொந்தச் சேகரிப்பு. மாகாண அரசு அதற்கு உத்தரவு போட முடியாது, மேலே அனுப்பத்தான் முடியும். மேலே இருப்பவர் உடலை எடுக்க அனுமதித்த அதே பேரரசர். திருச்சபை அடக்கச் சடங்குக்கு உரிமை கேட்கலாம், பேரரசரின் அறைக்குள் நுழைந்து எடுத்துவர முடியாது. மகளுக்கு உணர்வு சார்ந்த உரிமை இருந்தது, இறந்தவரின் உடல் யாருக்குச் சேரும் என்று நீதிமன்றத்தில் நாட்ட ஒரு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது கதவு நண்பர்கள். அது ஏற்கெனவே மூடியிருந்தது. இக்னாட்ஸ் ஃபொன் போர்ன் 1791-லேயே இறந்துவிட்டார். 1785 டிசம்பரில் ஜோசஃப் ஃப்ரீமேசன் கிளைகளை வெட்டிச் சுருக்கினார். 1794-95-இல் வியன்னாவில் ஜக்கோபின்கள் (பிரெஞ்சுப் புரட்சியின் ஆதரவாளர்கள்) என்று குற்றம் சாட்டி வழக்குகள் நடந்தன, 1795-இல் ரகசியச் சங்கங்கள் சட்டப்படி குற்றமாயின. அடுத்த ஆண்டில், முன்னாள் ஃப்ரீமேசன் ஒருவருக்காகப் பேரரசரை எதிர்த்துக் கையெழுத்திட யார் வருவார்? பத்தாண்டு முன்னால் நடந்திருந்தால் துண்டறிக்கை யுத்தமே நடந்திருக்கும் என்று தோன்றுகிறது.

சோலிமானே தன் தோலைப் பேரரசருக்கு எழுதிவைத்தார் என்றொரு பேச்சும் பிற்காலத்தில் சுற்றியது. அப்படி ஒரு சம்மதம் இருந்திருந்தால் மகளின் மனுவை மறுக்க அதைக் காட்டினாலே போதும். சில அறிவியல் நண்பர்களோடு பழகியவர், ஆகவே ஒப்புக்கொண்டிருப்பார் என்ற வாதம், நடந்ததற்குப் பின்னால் தேடிய சமாதானம்.

மற்ற மூவர்

சோலிமான் தனியாக நிற்கவில்லை. அடுத்த ஆண்டுகளில் இன்னும் மூன்று கறுப்பினத்தவரின் உடல்கள் அதே சேகரிப்பில் சேர்ந்தன: நேப்பிள்ஸ் அரசவை அனுப்பிய ஒரு சிறுமி, ஷோன்ப்ரூன் விலங்குச்சாலையில் வேலைபார்த்த பியெத்ரோ மிக்கேலே ஆஞ்சியோலா, மற்றும் யோசெஃப் ஹாமர். சோலிமானைப் பற்றி ஏராளமாக எழுதியவர்கள் இந்த மூவரையும் அடிக்குறிப்பு போலக் கடந்துபோகிறார்கள். பிரபு வீட்டு ஆவணங்களும் ஃப்ரீமேசன் குறிப்பேடும் கிடைத்தவருக்கு வரலாறு கிடைக்கிறது. விலங்குகளுக்குத் தீனி வைத்தவருக்குக் காட்சிசாலையின் பொருட்பட்டியலில் ஒரு வரி. வியன்னாவில் வாழ்ந்த பெரும்பாலான ஆப்பிரிக்கர்கள் சோலிமானைவிட ஆஞ்சியோலாவின் பக்கம் இருந்தவர்கள் என்பதை மறந்து எழுதினால், பிரபுக்களின் செல்லப்பிள்ளைகள் மட்டுமே அங்கே இருந்தார்கள் என்ற பிழையான படம் வந்துவிடும்.

எபெர்லே பதவியிலிருந்து போன பிறகு அரங்கு கலைந்தது. 1806-க்குப் பின் சோலிமானின் உருவம் பொதுக் காட்சியிலிருந்து எடுக்கப்பட்டு மேல்தளக் கிடங்குக்குப் போனது. அப்போதும் குடும்பத்திடம் கொடுக்கப்படவில்லை. 1848 அக்டோபர் 31-இல், புரட்சியை அடக்கப் பேரரசின் படை வியன்னாவைப் பீரங்கியால் தாக்கியபோது, நூலகக் கட்டடத்தின் கூரை தீப்பற்றி நான்கு உடல்களும் எரிந்தன. ஜோசஃபின் இதற்கிடையே ஃபாய்ஷ்டர்ஸ்லேபன் குடும்பத்தில் மணமாகிப் போயிருந்தார். அவர் மகன் எதுவார்ட் சுரங்கப் பொறியாளராகவும் எழுத்தாளராகவும் ஆஸ்திரியாவில் அறியப்பட்டவர்.

தலையிலிருந்து எடுத்த அச்சின் வழிவந்த மார்பளவு உருவம் ஒன்று வியன்னாவுக்கு அருகே பாடன் நகரின் ரொல்லெட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மண்டை ஓட்டின் மேடுபள்ளத்தைத் தடவி ஒருவரின் குணத்தைச் சொல்லலாம் என்று நம்பிய ஃபிரான்ஸ் யோசெஃப் காலின் சேகரிப்போடு அது அங்கே வந்தது. நோக்கம் எதுவானாலும், தலைப்பாகையும் இறகும் இல்லாமல் சோலிமானின் முகத்தைக் காட்டுவது அதுதான். 2011-இல் வியன்னா நகர அருங்காட்சியகம் அவர் வாழ்க்கையை முழுக் கண்காட்சியாக வைத்தது. சோலிமானைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தலைப்பாகை அச்சைத்தான் படமாகப் போடுகிறார்கள். போடலாம், ஆனால் பிரமிடும் நுமிடியாவும் வரைந்தவர்களின் சரக்கு என்று படத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்துவிட வேண்டும்.